ஓரப்பலகைகள் தானாக மூடிக்கொண்ட விவரம்

ஓமரு,
மார்ச் 9, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் அலிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோலீனின் கணவன் மெர்வின் டக்கெட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நோலீன் சுகம், தோட்டத்து ருபார்ப் செடி சுகம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக நானும் சுகம். அங்கே இன்வர்கார்கிலில் நீங்களும் உங்கள் முழங்காலும் சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் “சரி சரி, தங்கச்சிகிட்ட குடுங்க” என்று பாதியில் வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கவும்.

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு வரும்போது உங்கள் கருவிப்பெட்டி வேண்டாம். வெறுங்கையோடு வரவும். வீட்டின் ஜன்னல்களைச் சுற்றியும் கூரை விளிம்பிலும் அடிக்கும் ஓரப்பலகை வேலை முழுவதும் முடிந்துவிட்டது. முடித்தவன் நான்.

போன ஆகஸ்டில் நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்கள் காரிலிருந்து இறங்கி, நேரே முன்பக்க ஜன்னலுக்குப் போய், ஜன்னலைச் சுற்றியிருந்த பலகையில் சுட்டுவிரலை வைத்தீர்கள். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்து, துடைத்து, முகர்ந்து பார்த்து, “மெர்வின், இது பலகை இல்ல, கேக்கு” என்றீர்கள். பக்கத்து வீட்டு சியோனே வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டீர்களா? “நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவன் நான். ஈஸ்டருக்கு வந்து எல்லாத்தையும் மாத்திடறேன். அதுவரைக்கும் நீங்க சுத்தியலைத் தொடாதீங்க. நான் வேலை பாக்கும்போது டீ போட்டுக் குடுங்க, அது போதும்” என்றும் சொன்னீர்கள். டீ! முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்த் தபால்களை ஒன்றுகூடத் தவறாமல் பிரித்துக் கொடுத்தவனைப் பார்த்து டீ! அன்றிலிருந்து எனக்கு டீயே இறங்கவில்லை. காபிக்கு மாறிவிட்டேன். ஈஸ்டருக்குள் இந்த வீட்டில் ஒரு பழைய பலகைகூட இருக்கக்கூடாது என்று அப்போதே தீர்மானம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, நோலீனிடம் மட்டும் ஒரு இருபது, இருபத்தைந்து தடவை சொல்லியிருப்பேன்.

பலகைகள் ஜனவரி கடைசியில் வந்தன. பிரைமர் என்கிற அடிப்பூச்சு பூசிய பைன் மரம், அழகான ரோஜா நிறம். மரக்கடைக்காரர் மூன்று விதி சொன்னார், அதை ஒரு பழைய உறையின் முதுகில் குறித்துக்கொண்டேன். அறுத்த முனை ஒவ்வொன்றுக்கும் மறுபடி பிரைமர் தொட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் குடிபுகும். இரண்டு பலகை சேரும் இடம் சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தின்மேல் அமைய வேண்டும், அந்தரத்தில் ஆணி அடித்தால் நிற்காது. மூன்றாவது, முனைகளை நேராக முட்டவிடாமல் சாய்வாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றைப் படியவிட வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் இணைப்பு முன்பக்க ஜன்னலுக்கு மேலே. ஒரு புதன்கிழமை காலை. அளந்தேன், மறுபடி அளந்தேன், அறுத்தேன். அறுத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து அறுத்திருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்று படுக்க வேண்டியவை, சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் என் சுண்டுவிரல் போகும் சந்து. சரி, அடித்துத்தான் பார்ப்போம் என்று நாலு ஆணி அடித்தேன். இரண்டு வளைந்தது, ஒன்று பலகையைப் பிளந்தது, ஒன்று கட்டைவிரல். நோலீன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன மெர்வ், சந்து வழியா சுவத்துக்குள்ள ஒட்டியிருக்கற பழைய காகிதமெல்லாம் தெரியுது?”

“பட்டி வச்சு அடைச்சிடலாம், நோலி.”

“எவ்வளவு பட்டி? ஒரு வாளியா?”

அதற்குள் மணி ஒன்று. புதன், சனி ஒன்று முதல் ஐந்து வரை நான் கிளப் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போவது உங்களுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தவறியதில்லை. மனசு கனக்கப் போனேன். போன இடத்திலும் பந்து ஒழுங்காக உருளவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, எதற்கும் ஒரு பார்வை பார்ப்போம் என்று ஏணியில் ஏறினேன். மைத்துனரே, ஏணியிலிருந்து விழாமல் இருந்தது என் பெற்றோர் செய்த புண்ணியம். சந்தைக் காணோம்! இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடும்படி மூடியிருந்தது. பிளவு இல்லை. வளைந்த ஆணி நிமிர்ந்து உள்ளே போயிருந்தது. நான் கத்திய கத்தலில் நோலீன் ஓடி வந்தாள். கை, ஏப்ரன், தலைமுடி எல்லாம் பொடிப்பொடியாக மாவு. “ஸ்கோனுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன், என்ன ஆச்சு?” என்றாள். மூக்கு நுனியில் ரோஜா நிறம். ருபார்ப் ஜாம் கிண்டினாளாம். அன்று இரவுச் சாப்பாட்டில் ஸ்கோனும் இல்லை, ஜாமும் இல்லை. ஆனால் நான் இருந்த சந்தோஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மரம் உயிருள்ள பொருள். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை அந்த ஈரம் பலகைக்குள் இறங்க, பலகை நீளுகிறது. நீண்டு தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. மனிதன் கிட்டே நின்று தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தால் அதற்குக் கூச்சம். தனியாக விட்டால் தன் வேலையைத் தானே பார்க்கிறது! இது நாற்பது வருடத்தில் உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நீங்கள் வேலை முடியும்வரை இடத்தை விட்டு நகராத ஆள். குற்றமாகச் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? சனிக்கிழமை வேண்டுமென்றே அரை அங்குலச் சந்து விட்டு, நோலீனிடம் காட்டி, “பார், ஐந்து மணிக்கு இது இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனேன். “இன்னும் கொஞ்சம் கம்மியா விடக்கூடாதா மெர்வ்?” என்று ஏனோ கெஞ்சுகிற குரலில் கேட்டாள். வந்து பார்த்தால் மூடியிருக்கிறது! அதற்கடுத்த புதன்கிழமை மட்டும் சமையலறை ஜன்னல் பக்கம் மூடவில்லை. அன்று ஒரு சவ அடக்கத்துக்கு ஆர்கன் வாசிக்க நோலீன் தேவாலயம் போயிருந்தாள். வடமேற்கு வறண்ட காற்று வேறு. காற்றுதான் காரணம் என்று கண்டுகொண்டு பொறுமையாக விட்டுவைத்தேன். சனிக்கிழமை மூடிக்கொண்டது. சில பலகைக்கு மூன்று நாள் பிடிக்கும் என்று உறையில் நான்காவது விதியாக எழுதி வைத்திருக்கிறேன்.

கொட்டகையில் அடுக்கியிருந்த பலகைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. சுவரில் நீளுகிற பலகை கொட்டகையில் சுருங்குவது இயற்கைதானே.

சியோனேயைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவருக்கு இறைச்சி ஆலையில் காலை முறை. மதியம் வீட்டில்தான் இருப்பார். “சியோனே, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் என் சுவத்தைப் பாத்தீங்களா? அது மூடறதைக் கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டேன். அவர் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேலி ஆடியது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கினால் வேலி என்ன செய்யும்?

“மெர்வ் அண்ணே, நான் ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்றவன். பொய் சொல்லக்கூடாது. அதனால தயவுசெஞ்சு என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

“அப்ப பாத்திருக்கீங்க!”

“ஐயோ அண்ணே, விட்டுடுங்க. விலா வலிக்குது.”

அதிசயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைப்பற்றிப் பேசத் தயங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நோலீனுக்கும் இதில் சிறு பங்கு உண்டு, அதை மறைக்கமாட்டேன். சுவருக்குள் சட்டம் எங்கே நிற்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே சத்தம். அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே, “அங்க இல்ல மெர்வ், ஒரு சாண் இடது பக்கம் தள்ளுங்க, அது வெத்துச் சத்தம்... இன்னும் கொஞ்சம்... ம், அங்க” என்பாள். ஆர்கன் வாசிக்கிற காது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பெண்களுக்குத் தச்சு வேலையில் இந்த மாதிரி சின்ன உதவி செய்யும் திறமை இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

கூரை விளிம்புப் பலகை அடித்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் சியோனே சொல்லிவிடுவார். ஏணி உச்சியில் நின்று ஒரு கையால் பலகையைத் தாங்கி மறு கையால் ஆணி அடித்தேனா, அடித்து முடித்துக் கீழே இறங்கலாம் என்றால் உடம்பு வருகிறது, கை வரவில்லை. என் பச்சைக் கம்பளிச் சட்டையின் கைப்பகுதி பலகைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதோடு சேர்த்து மூணு ஆணி! நல்லா அடிச்ச ஆணி, அதுதான் வம்பு. “நோலி! நோலி!” என்று கத்தினால் அவள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சியோனே வந்து என்னை இடுப்பில் பிடித்துச் சட்டையிலிருந்து வாழைப்பழம் உரிக்கிற மாதிரி உரித்து இறக்கினார். சட்டை அங்கேயே தொங்குது. மணி ஒண்ணு. பனியனோடு கிளப்புக்குப் போனேன், மைத்துனரே, ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நம்ம ஆளுங்க மரியாதை தெரிஞ்சவங்க, கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு வந்தால் சட்டை மடித்துக் கட்டில்மேல் இருக்கிறது. கிழிசல் அதே பச்சை நூலில் தைத்திருக்கிறது. பலகையோ இம்மி அசையாமல் அதன் இடத்தில்! நீளும்போது பிடியைக் கொஞ்சம் தளர்த்தும் போலிருக்கிறது. சட்டை தானாகக் கீழே விழுந்து நோலீன் கண்ணில் பட்டிருக்கும்.

என் முறை பலிக்காத இடம் ஒன்றே ஒன்று. வராந்தாவுக்குள் இருக்கிற படுக்கையறை ஜன்னலின் கீழ்ப்பலகை. அன்று சனிக்கிழமை பெருமழை, பந்து உருட்டல் ரத்து. நோலீன் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். “நூலகத்துக்குப் போறதுதானே? யாரையாவது பாக்கப் போறதுதானே?” என்றாள். நான் போகவில்லை. வேறு வேலையில்லாததால் அந்த ஒரு இணைப்பை மதியம் முழுக்க உட்கார்ந்து செய்தேன். மெதுவாக அறுத்தேன், தேய்த்தேன், வைத்துப் பார்த்தேன், மறுபடி தேய்த்தேன், முனைக்குப் பிரைமர் தொட்டேன், ஆணிக்கு முன்னால் துளை போட்டேன். பிறகு அது மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை! அசையவே இல்லை. இன்றுவரை நான் அடித்தபடியேதான் இருக்கிறது. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒன்று போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வெள்ளைப் பூச்சும் முடிந்தது. அதுவரை ரோஜா நிறத்தில் நின்ற வீட்டைப் பார்த்துத் தெருவில் போனவர்களெல்லாம் “வித்தியாசமா இருக்கு” என்றார்கள். அந்த வார்த்தை நம் பக்கத்தில் எவ்வளவு மோசமான வசவு என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நானும் நோலீனும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கிளப் தலைவர் ரெக்ஸ் பாட்டர்ஸ்பி நாயோடு வந்தார். நின்றார். மூலைக்கு மூலை பார்த்தார். கிட்டப் போய் நகத்தால் ஒரு இணைப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, “மோசமில்ல” என்றார். ரெக்ஸ் வாயிலிருந்து! அவர் தன் மகள் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளையைப் பார்த்து “பரவாயில்ல” என்றுதான் சொன்னார். கூச்ச சுபாவமுள்ள மனிதர், அதனால் என்னைப் பார்த்துச் சொல்லாமல் நோலீனைப் பார்த்துச் சொன்னார். அவள் முகம் சிவந்துபோய்விட்டது. கண்ணில் தண்ணீர். புருஷன்மேல் அவ்வளவு பெருமை. எனக்கும் அழுகை வந்தது, மைத்துனரே, ஏன் மறைக்க வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிவந்த முப்பத்தொரு வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆகவே ஈஸ்டருக்கு விருந்தாளியாக வாருங்கள். சுட்டுவிரலையும் கொண்டு வாருங்கள், எந்தப் பலகையில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். டீ நான் போட்டுத் தருகிறேன், இப்போது எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. நீங்கள் விரும்பினால் என் முறையைச் சொல்லித் தரவும் தயார்.

உங்கள் முழங்காலுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். வருகிற வழியில் மழையில்லாமல் இருக்கட்டும்.

அன்பும் மரியாதையும் மாறாத,
மெர்வின் டக்கெட்

பின்குறிப்பு: நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். நேற்று முன்தினம் கிளப் கூட்டத்தில் கட்டடத்தின் ஓரப்பலகையெல்லாம் உளுத்துவிட்டது, யார் செய்வது என்று பேச்சு வந்தது. எழுந்து நின்று நானே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாலு பக்கமும். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஆரம்பம். எவ்வளவு வசதி பாருங்கள், காலையில் ஆணி அடித்துவிட்டு மதியம் அங்கேயே பந்து உருட்டலாம். எல்லோரும் டீக்கோப்பையோடு உட்கார்ந்து பலகை மூடிக்கொள்வதை நேரில் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பலமாகக் கைதட்டினார்கள். கடிதத்தை நோலீனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், எனக்குக் கொட்டகையில் வேலை இருக்கிறது.

அண்ணா, இது நோலீன். உறையை ஒட்டுமுன் படித்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், அவர் கொட்டகையில் ரம்பத்துக்கு எண்ணெய் போடுகிறார்.

பலகை நீளவில்லை. நான்தான். புதனும் சனியும் ஒன்றிலிருந்து ஐந்து வரை, சியோனே மறுமுனையைப் பிடிக்க, அவர் அடித்ததைப் பிடுங்கி நான் அடித்தேன். அந்தக் கம்பளிச் சட்டைக்காக ஐந்து மீட்டர் பலகையைக் கழற்றி மாட்டினேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். முதல் நாள் ஏணியில் நின்று அவர் போட்ட கூச்சலைக் கேட்டதும் வாய் வரவில்லை. உன் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க அவருக்கு அவ்வளவு ஆசை. அதோடு, உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அந்த நாலு மணி நேரம்போல் சந்தோஷமான நேரம் இருந்ததே இல்லை. எங்கே கற்றேன் என்று கேட்பாய். அப்பாவின் தச்சுப் பட்டறையில் “நீ டீ கொண்டு வா, நோலி, அது போதும்” என்று எனக்கும் ஒருவன் சொன்னான், நினைவிருக்கிறதா அண்ணா? டீயை வைத்துவிட்டு நான் வீட்டுக்குள் போனேன் என்றா நினைத்தாய்? கதவு இடுக்கில் நின்று ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெக்ஸுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், கைதட்டியது அதற்குத்தான். யாரும் அவரிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் கிளப் சுவரை நாற்பது பேரோடு அவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படிச் செய்வேன்? ஆகவே நீ ஈஸ்டருக்குப் பிறகும் இரண்டு வாரம் தங்கு. தினமும் மதியம் அவரை வைடாக்கி ஆற்று முகத்துவாரத்துக்கு சால்மன் மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போ. பிளாஸ்க்கில் டீ நீ போடு.

அந்தப் படுக்கையறை ஜன்னல் கீழ்ப்பலகையை மட்டும் வந்ததும் விரல் வைத்துப் பார். அந்த மழைச் சனிக்கு அடுத்த புதன்கிழமை அதைப் பிடுங்கி அடிக்க உளியோடு போனேன். பிடுங்க ஒன்றுமில்லை, அண்ணா. நான் போட்ட இணைப்பு எதுவும் அவ்வளவு நெருக்கமாக இல்லை. அது அவர் தனியாகச் செய்தது, அவருக்கே தெரியாது. நானும் சியோனேயும் புல்லில் உட்கார்ந்துவிட்டோம்.

அவருக்கு எழுதும் பதிலில் பலகை நீளும் என்றே எழுது. கருவிப்பெட்டி வேண்டாம், ஆனால் அப்பாவின் இழைப்புளியை எடுத்து வா. அப்பா போனபோது அதை யாரும் எனக்குத் தரவேண்டும் என்று நினைக்கவில்லை. திரும்பிப் போகும்போது அதை உன்னோடு எடுத்துப் போகமாட்டாய்.